ஹென்றியின் மூளை: உயிரோடு எடுத்த படமும் இறந்த இரவில் எடுத்த படமும்

2008 டிசம்பர் 2, மாலை ஐந்து மணி தாண்டிய நேரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 82 வயது ஹென்றி மோலைசன் இறந்துபோனார். சற்று நேரத்தில் அவருடைய தலையைச் சுற்றி ஐஸ் பொட்டலங்கள் வைக்கப்பட்டன. உடலை ஏற்றிய வண்டி இருட்டில் பாஸ்டனை நோக்கிக் கிளம்பியது. சார்ல்ஸ்டவுனில் உள்ள மார்டினோஸ் ஸ்கேன் ஆய்வு மையத்தில் எம்.ஆர்.ஐ. கருவி தயாராக இருந்தது. அன்றிரவு சுமார் ஒன்பது மணி நேரம் அவருடைய மூளையை, மண்டை ஓட்டுக்குள் இருந்தபடியே, விதவிதமாகப் படம் எடுத்தார்கள். விடிந்த பிறகுதான் மூளை வெளியே எடுக்கப்பட்டது.

இறந்தவருக்கு ஸ்கேன் எதற்கு? மறுநாள் மூளையையே கையில் எடுக்கப் போகிறார்கள். அதை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் எந்த ஸ்கேனும் காட்டாததைப் பார்க்கலாம். அப்படியிருக்க ஒரு ராத்திரி முழுக்க ஏன் படம் பிடிக்க வேண்டும்? முதலில் படித்தபோது எனக்கும் இதே கேள்விதான் எழுந்தது. இந்த நிகழ்வைத் தோண்டிப் பார்த்தபின், அந்த ஒன்பது மணி நேரம் இல்லாவிட்டால் முன்னால் எடுத்த படங்களும் பின்னால் வெட்டிய துண்டுகளும் ஒன்றோடொன்று சரியாகப் பேசியிருக்காது என்று நினைக்கிறேன்.

யார் இந்த ஹென்றி

மருத்துவம், உளவியல் படித்தவர்களுக்கு இவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தாகத் தெரிந்திருக்கும். உயிரோடு இருந்த வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் அவ்வளவுதான். இறந்த பிறகே முழுப்பெயர் வெளியானது.

1926இல் பிறந்தவர். பத்து வயதில் சின்னச் சின்ன வலிப்புகள் தொடங்கின. பதினைந்து வயதில் பெரிய வலிப்பு வந்தது. இருபதுகளின் நடுவில் வேலைக்குப் போக முடியாத நிலை. மாத்திரைகளை எவ்வளவு ஏற்றியும் அடங்கவில்லை. ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர் வில்லியம் ஸ்கோவில், 1953இல், ஹென்றிக்கு 27 வயதாக இருந்தபோது, இரண்டு கண்களுக்கும் மேலே நெற்றி எலும்பில் துளை போட்டார். மூளையின் நெற்றி மடலை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கும் மடலின் (பொட்டு மடல்) உட்புறத் திசுவை இரண்டு பக்கமும் உறிஞ்சி எடுத்தார். உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் முன்பகுதி, அதை ஒட்டிய என்டோரைனல் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) எல்லாம் அதில் போயின.

வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சாப்பிட்டு முடித்த சாப்பாடு, சற்று முன் அறைக்கு வந்து போன மனிதர், காலையில் படித்த பத்திரிகை, எல்லாம் சில நிமிடங்களில் அழிந்தன. புத்திக்கு எந்தக் குறையும் இல்லை. 1955இல் நடந்த நுண்ணறிவுச் சோதனையில் 112 எடுத்தார். பேச்சு சரளம். குழந்தைப் பருவம் நினைவில் இருந்தது. மான்ட்ரியாலில் இருந்து வந்து சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியைக் கொடுத்தார். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் அப்படி ஒன்றை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒற்றைச் சரக்கு இல்லை, கைப்பழக்கத்துக்கு ஒரு வழி, நடந்ததை நினைவில் வைக்க வேறு வழி என்று உலகம் கற்றுக்கொண்டது இவரிடம்தான்.

ஒரு அறுவை நிபுணரின் கணக்கு

1957இல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். அதில் ஸ்கோவில் தான் எடுத்த திசுவின் அளவைச் சொன்னார்: பொட்டு மடலின் நுனியிலிருந்து பின்னோக்கி 8 சென்டிமீட்டர். கூடவே ஒரு வரைபடமும் இருந்தது. எதிலிருந்து வந்தது இந்த 8? கண்ணால் பார்த்தும் கருவியின் நீளத்தை வைத்தும் அறுவை மேசையில் போட்ட மதிப்பீடு அது. 1953இல் அதைச் சரிபார்க்கக் கருவி கிடையாது. சி.டி. ஸ்கேனே 1970களில்தான் வந்தது.

இந்த எண்ணை நம்பித்தான் பாடப்புத்தகங்கள் எழுதப்பட்டன. குரங்குகளில் இதே போன்ற சேதத்தை உண்டாக்கி, எந்தப் பகுதி போனால் எந்த நினைவு போகிறது என்று பார்த்த ஆய்வுகளுக்கும் இதுவே வரைபடம். 8 சென்டிமீட்டர் போயிருந்தால் ஹிப்போகாம்பஸ் கிட்டத்தட்ட முழுதாகப் போயிருக்க வேண்டும். அப்படியானால் நினைவு போனதற்கு ஹிப்போகாம்பஸ் போனதே காரணம் என்று சொல்லிவிடலாம். அளவு தப்பாக இருந்தால் அந்த முடிவும் ஆட்டம் காணும். இத்தனை பாரமும் ஒருவருடைய கைக்கணக்கின் மேல் ஏறியிருந்தது.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் ஹென்றியை உடனே உள்ளே படுக்க வைக்க முடியவில்லை. அறுவையின்போது ஸ்கோவில் வைத்த உலோகக் கிளிப்புகள் தலைக்குள் இருந்தன. காந்தம் அவற்றை இழுத்தால் ஆபத்து. அவை காந்தத்தால் ஈர்க்கப்படாதவை என்று உறுதிசெய்த பிறகே 1992இலும் 1993இலும் படம் எடுத்தார்கள். அறுவை முடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹென்றியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நரம்பியல் ஆய்வாளர் சூசன் கார்கினும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட முடிவு, அந்தப் பழைய வரைபடத்தைத் திருத்தியது. எடுக்கப்பட்டது 8 சென்டிமீட்டர் இல்லை, சுமார் 5தான். ஹிப்போகாம்பஸின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் எஞ்சியிருந்தது, சுருங்கிப்போன நிலையில். அமிக்டலா பெரும்பாலும் இல்லை. என்டோரைனல் புறணியும் ஏறக்குறைய முழுக்கக் காணோம். சிறுமூளை நன்றாகச் சுருங்கியிருந்தது. பல ஆண்டுகள் சாப்பிட்ட வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினின் விளைவாக அதைப் பார்த்தார்கள்.

எஞ்சிய 2 சென்டிமீட்டர் ஏன் வேலை செய்யவில்லை? கார்கினின் விளக்கம் இது. புறணியில் இருந்து ஹிப்போகாம்பஸுக்குச் செய்தி போகும் பெரிய வாசல் என்டோரைனல் புறணி. வாசலை இடித்துவிட்ட பிறகு உள்ளே ஒரு அறை மிச்சம் இருந்து என்ன? பொருத்தமான விளக்கம்தான். ஆனால் அந்த அறைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, உயிருள்ள நரம்பணுக்களா அல்லது தழும்புத் திசுவா என்பதை 1990களின் எம்.ஆர்.ஐ.யால் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. காட்டுவது அடிப்படையில் திசுவில் உள்ள நீரின் நடத்தையை. உயிரணுக்களை (செல்களை) அது எண்ணுவதில்லை.

அந்த ஒன்பது மணி நேரம்

1992இல் இன்னொன்றும் நடந்தது. ஹென்றியும், நீதிமன்றம் நியமித்த அவருடைய பாதுகாவலரும், இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாகக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டதைச் சில நிமிடங்களில் மறந்துவிடும் ஒருவரின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தன்னிடமிருந்து தெரிந்துகொள்வது மற்றவர்களுக்கு உதவும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார் என்பது பதிவில் இருக்கிறது. ஒருமுறை கேட்டு வாங்கிய ஒப்புதலைவிட, கேட்கும்போதெல்லாம் புதிதாக அதே பதிலைச் சொன்ன மனிதர் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். என்றாலும் கேள்வி முழுதாகத் தீரவில்லை.

சரி, அந்த இரவுக்கு வருவோம். உயிரோடு இருப்பவரை ஸ்கேன் எடுப்பதில் பெரிய தொல்லை அசைவு. "அசையாதீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நாம் கல்லாகப் படுத்தாலும் மூச்சு ஓடுகிறது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளை மெல்ல ஏறி இறங்குகிறது. நுணுக்கமான படம் வேண்டுமானால் நீண்ட நேரம் எடுக்க வேண்டும். நேரம் நீண்டால் அசைவு படத்தைக் கலைத்துவிடும். இறந்தவரிடம் அந்தத் தடை இல்லை. ஒன்பது மணி நேரம் எடுத்தாலும் படம் கலங்காது.

ஆனால் இறந்த மூளையின் படத்தை உயிருள்ள மூளையின் படத்தோடு அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் சிக்கல் வெப்பம். உடல் ஆறிக்கொண்டே போகிறது. எம்.ஆர்.ஐ. சமிக்ஞையில் மூளையின் வெள்ளைப் பகுதி (நரம்பு இழைகள்) எது, சாம்பல் பகுதி (நரம்பணுக்கள்) எது என்று பிரித்துக்காட்டும் கால அளவுகள் வெப்பநிலையோடு மாறுகின்றன. மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கருப்பாக்கிக் காட்டும்படி அமைத்த ஒருவகைப் படம் உண்டு. 37 டிகிரி உடலுக்காகச் சரிசெய்த அந்த அமைப்பை ஆறிய உடலில் பயன்படுத்தினால் நீர் சரியாகக் கருக்காது. தெரியாதவர் அதைப் பார்த்து ரத்தக் கசிவோ தொற்றோ என்று நினைக்கலாம். பிழை கருவியிலும் இல்லை, மூளையிலும் இல்லை. உடம்பு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது நீரின் ஓட்டம். ரத்த ஓட்டம் நின்றதும் உயிரணுக்கள் உப்பை வெளியே தள்ளும் இயக்கம் நிற்கிறது. நீர் அணுக்களுக்குள் புகுந்து தேங்குகிறது. மூளைத் திசுவில் நீர் நகரும் வேகத்தை அளக்கும் படத்தில் இது உடனே தெரியும். உயிருள்ளவருக்கு மூளையில் ஓரிடத்தில் அப்படித் தெரிந்தால் புதிதாக வந்த பக்கவாதம் என்று பொருள். இறந்தவருக்கு மூளை முழுக்கவே அப்படித்தான் இருக்கும். சி.டி. ஸ்கேனுக்கும் இதே போன்ற பொறிகள் உண்டு. இறந்த பின் ரத்தம் கீழ்ப்பக்கமாகப் படிகிறது. மல்லாந்து கிடக்கும் உடலில் தலையின் பின்பக்கச் சிரைகள் வெளுத்துத் தெரியும். ரத்தக் கட்டி என்று ஏமாறுவது சுலபம். சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலான கோடு மங்கிவிடும். நேரம் ஆக ஆக அழுகலின் வாயு சேரும். இறந்த பிறகு ஸ்கேன் எடுக்கும் தடயவியல் துறையினர் முதலில் கற்பது, எது நோய், எது சாவு என்று பிரிக்கத்தான்.

ஹென்றியின் தலையில் ஐஸ் வைத்ததும், இரவோடு இரவாகக் கொண்டுபோனதும் இதனால்தான். தாமதம் கூடக் கூட, சாவு எழுதும் எழுத்து நோய் எழுதிய எழுத்தின் மேல் படர்ந்துவிடும்.

அப்படியானால் அந்தப் படத்தில் நம்பத்தக்கது எது? வடிவம். எங்கே திசு இருக்கிறது, எங்கே இல்லை, ஓட்டை எவ்வளவு நீளம், எந்த மடிப்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் ஒரு இரவுக்குள் மாறிவிடாது. ஆனால் மூளையை வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து வடிவமும் போகத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும்போது அது நீரில் மிதக்கிறது. வெளியே வந்தால் தன் பாரத்திலேயே தளர்ந்து அமுங்கும். திசு அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் ஊறும்போது இறுகும், அளவும் மாறும். உறைய வைத்து வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் கொஞ்சம் இழுபடும். ஆக, உயிரோடு எடுத்த படத்தில் வடிவம் இருக்கிறது, நுணுக்கம் போதாது. வெட்டிய துண்டில் நுணுக்கம் இருக்கிறது, வடிவம் குலைந்திருக்கிறது. இறந்த இரவில், மண்டைக்குள்ளேயே, அசைவில்லாமல் எடுத்த படம்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துண்டில் தெரியும் ஒரு புள்ளியை அதன் மீது பொருத்தி, அதை 1992 படத்தில் கொண்டுபோய் வைக்கலாம்.

வெட்டிப் பார்த்தபோது

ஃபார்மலினில் சில வாரங்கள் இருந்த பிறகு மறுபடி ஒருமுறை ஸ்கேன். அப்புறம் 2009 பிப்ரவரியில் மூளை ஆய்வாளர் யாக்கோப்போ அன்னெசே அதைப் பெட்டியில் வைத்து, விமானத்தில் தன் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, சான் டியேகோவுக்குக் கொண்டுபோனார். ஹென்றி இறந்து சரியாக ஓராண்டு ஆன நாளில், 2009 டிசம்பர் 2 அன்று, ஜெலட்டினில் பதித்து உறைய வைத்த மூளையை முன்னிருந்து பின்னாக வெட்டத் தொடங்கினார்கள். 53 மணி நேரம். 2401 துண்டுகள். ஒவ்வொன்றும் 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு. சுமார் 17 சென்டிமீட்டர் நீள மூளை தாள் தாளாகப் பிரிந்தது. இணையத்தில் நேரலையாக ஓடியதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஒவ்வொரு துண்டையும் சீவுவதற்கு முன் உறைந்த கட்டியின் மேற்பரப்பை மேலிருந்து புகைப்படம் எடுத்தார்கள். கட்டி இடம் மாறாததால் இந்தப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். மொத்த மூளையையும் கணினியில் திரும்பக் கட்ட இதுவே எலும்புக்கூடு.

2014 ஜனவரியில் முடிவு வெளியானது. 1997இன் எம்.ஆர்.ஐ. கணக்கின் பெரும்பகுதி நின்றது. ஸ்கோவில் சொன்ன 8 சென்டிமீட்டர் நிற்கவில்லை. உயிரோடு எடுத்த மங்கலான படம், அறுவை செய்தவரின் கையைவிடச் சரியாக அளந்திருந்தது. ஆனால் படம் தவறவிட்டவையும் இருந்தன.

எஞ்சியிருந்த பின்பக்க ஹிப்போகாம்பஸ் வெறும் தழும்பு இல்லை. சாயமேற்றிய துண்டுகளில் அதன் நரம்பணு அடுக்குகள் அதற்கே உரிய வரிசையில், அடையாளம் காணும்படி நின்றன. இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 55 ஆண்டுகள் அந்தத் திசு அங்கே அடுக்கு குலையாமல் இருந்திருக்கிறது. கார்கினின் வாசல் விளக்கத்துக்கு இது வலு சேர்க்கிறது என்று நான் கருதுகிறேன். அறை சிதையவில்லை, வாசல்தான் போயிற்று. ஹிப்போகாம்பஸ் இல்லாத மனிதர் என்று வகுப்பறைகளில் சொல்லப்பட்டவர், அதில் கணிசமான பகுதியோடு வாழ்ந்திருக்கிறார்.

இரண்டாவது கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. இடது கண்ணுக்கு மேலே, நெற்றி மடலின் அடிப்பரப்பில் ஒரு சின்னத் தழும்பு. அறுவையின்போது நெற்றி மடலைத் தூக்கிப் பிடித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, அந்த வழியில்தான் இது இருக்கிறது. அப்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதே நியாயமான ஊகம். அளவில் சிறியதுதான். ஆனால் நினைவுப் பகுதி தவிர மற்றதெல்லாம் தொடப்படாத, சுத்தமான நிகழ்வு என்ற நம்பிக்கையில் இத்தனை ஆண்டுகள் இவரைச் சோதித்திருக்கிறார்கள். பசியையோ வலியையோ பற்றி ஹென்றி தானாகச் சொல்வது அரிது என்பது பதிவான விஷயம். அதையெல்லாம் விளக்கும்போது இந்தத் தழும்பையும் இனி கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, மூளையின் ஆழத்து வெள்ளைப் பகுதியில் பரவலான சேதம். இறந்த பிறகு எடுத்த படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவும் 1953இன் விளைவு என்று ஒருவர் எழுதிவிடலாம். அதைத் தடுத்தது பழைய படங்கள்தான். 1992, 1993இல் தெரியாத வெள்ளைப் பகுதி மாற்றங்கள் 2002 முதல் 2004 வரை எடுத்த படங்களில் வந்திருந்தன. அப்படியானால் இது வயதும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் செய்த வேலை. சிறுமூளைச் சுருக்கமோ 1990களிலேயே இருந்தது. அது மாத்திரையின் கணக்கு. ஒரே மூளையில் அறுவைக் கத்தி, மாத்திரை, முதுமை, சாவு என்று நான்கு கைகள் எழுதியிருந்தன. எது யாருடைய கையெழுத்து என்று பிரிக்க, தேதி போட்ட பல படங்கள் தேவைப்பட்டன. இறந்த இரவின் படம் அந்த வரிசையில் கடைசி.

தீராத ஒன்று

கார்கின் 1962இல் ஹென்றியை முதன்முதலாகச் சந்தித்தார். 46 ஆண்டுகள் பழகியும், ஒவ்வொரு முறையும் அவருக்குக் கார்கின் புது மனிதர். எங்கோ பார்த்த முகம், ஒருவேளை பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவராக இருக்கும் என்று மட்டும் நினைத்தார். இந்த மங்கலான பரிச்சயம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு சம்பவமும் உண்டு. அறுவைக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1958இல், பெற்றோரோடு ஒரு புது வீட்டுக்குக் குடிபோனார் ஹென்றி. 1974 வரை அங்கே இருந்தார். நடந்த எதையும் நினைவில் வைக்க முடியாதவர், அந்த வீட்டின் தரைப்படத்தை, எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று, பின்னாளில் பென்சிலால் சரியாக வரைந்து கொடுத்தார். இடங்களை மனதில் கட்டுவதில் பங்குள்ள ஹிப்போகாம்பஸை அடுத்த புறணியின் பின்பகுதி அவருக்குத் தப்பியிருந்தது என்று 1992, 1993 படங்களை வைத்தே கார்கின் காரணம் சொன்னார். அதன் பக்கத்திலேயே, அடுக்கு குலையாமல், அந்த 2 சென்டிமீட்டர் ஹிப்போகாம்பஸும் இருந்திருக்கிறது. அந்தத் தரைப்படத்தில் அதற்கும் பங்கு உண்டா என்று கேட்டால், துண்டுகளால் பதில் சொல்ல முடியாது. அணுக்கள் அங்கே இருந்தன என்று அவை காட்டும். ஹென்றி பென்சிலைப் பிடித்தபோது அந்த அணுக்கள் பேசினவா என்பது, அவர் உயிரோடு இருந்தபோது மட்டும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.